இரண்டாவது சதை

என் வலது கண்ணில் இரண்டாவது சதை வளர்ந்தபோது ஊரில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். பல வருடம் கடலுக்குப் போனவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, இளஞ்சிவப்பில் ஒரு சதை முளைத்துக் கருவிழியை நோக்கி மெல்ல ஊர்ந்து வரும். வலி இருக்காது. மண்டபத்துக்கு அருகே எங்கள் தெருவில் அதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. உழைத்த கண் என்றுதான் சொல்வோம். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பையனின் கண்ணைப் பார்ப்பார்கள். என் மாமனார் என்னை வாசல் வெயிலில் நிறுத்தி, இமையை விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, “சதை விழுந்திருக்கு. ஒழுங்கா கடலுக்குப் போற ஆளுதான்” என்று சபுராவைக் கொடுத்தார். கோபம் வந்தால் சபுரா இன்றைக்கும் சொல்வாள்: “எங்க வாப்பா ஒங்க கண்ணத்தான் பாத்தாங்க, வாயப் பாக்கல.”

நானும் என் தம்பி ரசாக்கும் சேர்ந்து ஒரு நாட்டுப்படகு வைத்திருக்கிறோம். விடியலில் போய் மதியம் திரும்பும் தொழில். படகின் முன்முனையை அணியம் என்போம். அங்கே நின்று மீன் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. சாளை கூட்டமாக வந்தால் தண்ணீரில் மேகநிழல் விழுந்ததுபோல ஒரு கருமை தெரியும். மடவை வந்தால் கருமை இருக்காது, மேல்தண்ணீர் மட்டும் சிலிர்க்கும். பாறை மீன் என்றால் பச்சைக்குள் ஒரு பழுப்பு ஓடும். நான் கையைக் காட்டும் பக்கம் படகு திரும்பும், நான் சொல்லும்போது வலை விழும். ‘நைனா கண்ணு பொய் சொல்லாது’ என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சட்டை கொஞ்சம் இறுகும்.

முதல் சதை என் கல்யாணத்துக்கு முன்பே விழுந்தது. இரண்டாவது, போன கோடையில், காதுப் பக்கமாக வந்தது. அது சிவப்பாக இல்லை. கருவிழியின் ஓரத்தில் வெந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல வெளுப்பாக, கொஞ்சம் மேடாக இருந்தது. அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் தடித்துத் தெரிந்தன. கண் உறுத்தியது, தண்ணீர் வடிந்தது. டீக்கடை மாரிமுத்து அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, “நைனாவுக்கு ரெண்டாவதும் விழுந்துருச்சுய்யா! இந்தக் கரையில யாருக்குடா ரெண்டு இருக்கு?” என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். அன்றைக்கு டீக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. சபுரா மட்டும் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். நான் பன்னீர் விட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மதுரைக் கண் மருத்துவமனை ஒன்றில் படிக்கும் பிள்ளைகள் சிலர் கரைக்கு வந்தார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும், அதிலிருந்து தப்பிக்க என்ன செய்கிறார்கள் என்று அளந்து பார்க்கிறார்களாம். வெயிலை அளக்கலாம், வெயிலில் நிற்கிறவனை எப்படி அளப்பது என்று நான் சிரித்தேன். கீர்த்தனா என்ற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளே வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தாள்.

“அண்ணே, கடலுக்குப் போறப்ப தொப்பி போடுவீங்களா? எப்பவுமா, சில நேரமா, இல்லவே இல்லையா?”

“துண்டு கட்டுவேன். தொப்பி தொழுகைக்கு.”

“முகத்துக்குக் களிம்பு?”

“கல்யாணத்துல சந்தனம் பூசினாங்க. அதுக்கப்புறம் யாரும் பூசல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்காமல் எழுதினாள்.

“கூலிங் கிளாஸ்?”

“அதப் போட்டா கடலு மொத்தமும் தேத்தண்ணி மாதிரி தெரியும். அப்புறம் மீன எங்கன பாக்குறது?”

“வெயில் கண்ணுக்குக் கெடுதல்னு தெரியுமாண்ணே?”

“தெரியும்” என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். தெரியாது என்று சொல்லி ஒரு சின்னப் பெண்ணிடம் யார் பாடம் கேட்டுக்கொண்டு நிற்பது?

எழுதி முடித்து நிமிர்ந்தவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையில் இருந்த சின்ன டார்ச்சை அடித்து, “மேல பாருங்க, மூக்கப் பாருங்க” என்றாள். கூட வந்திருந்த ஆசிரியரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்தார். “அண்ணே, மூக்குப் பக்கம் இருக்கறது வேற. இது வேற. இந்த வாரமே மதுரைக்கு வாங்க” என்றாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வலையை உதறப் போனேன். அவள் விடாமல், சபுரா வேலை செய்யும் கருவாட்டுக் களத்துக்கே நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் காத்திருப்பது தனித் தொழில். ஒரு பெஞ்சிலிருந்து எழுப்பி இன்னொரு பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அதையே நகர்ந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் முட்டிக்கொண்டு உட்காரும் கருவி ஒன்று இருக்கிறது. எதிர்ப்பக்கம் டாக்டரம்மா கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். ஒளிக்கீற்று ஒன்று கத்தி மாதிரி கண்ணுக்குள் போய்வரும். பிறகு நீலச் சாயம் ஒன்றை விட்டார்கள். கெட்ட இடம் மட்டும் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். டாக்டரம்மா போனில் படம் எடுத்துக் காட்டினார். என் வெள்ளைப் பருக்கை நீலமாகி இருந்தது. நான் நினைத்ததைவிடப் பெரிதாகவும் இருந்தது.

“இது கண்ணோட மேல்தோல்ல வர்ற புத்துநோயா இருக்கலாம். வெட்டி எடுத்து, டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. “மூக்குப் பக்கம் இருக்கறது புத்து இல்ல. ஆனா ரெண்டையும் வளர்த்தது வெயில்தான்.”

“துண்டு கட்டுவேனே” என்றேன்.

“வெயில் மேலேர்ந்து மட்டுமா வருது? தண்ணியில பட்டுக் கீழேர்ந்தும் திரும்புது. நீங்க துண்டுக்கு அடியில கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு இருக்கீங்க.”

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, என் தொழிலே அதுதான். அப்படிப் பார்த்ததற்குத்தான் இது என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது? சபுரா என் பக்கத்தில் கறுப்பு அங்கியும் முக்காடுமாக உட்கார்ந்திருந்தாள். களத்தில் கருவாடு புரட்டும்போதும் முக்காட்டை முன்னால் இழுத்துத்தான் விட்டிருப்பாள். வெயிலுக்குத் தப்பியதில் எங்கள் வீட்டில் முதல் மார்க் அவளுக்கு. அவள் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “கண்ணு இருக்குமாம்மா?”

“மேலோட இருந்தா இருக்கும். உள்ள எறங்கியிருந்தா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம். உயிருக்கு அதுதான் நல்லது.”

அன்று முதல் அந்தக் கேள்வி ஒன்றுதான் எங்களோடு பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரைக்கு, இன்னும் எதெதற்கோ. அதில் எய்ட்ஸ் கிருமிக்கான பரிசோதனையும் இருக்கிறது என்று ஆலோசனை சொல்லும் அறையில் ஒரு அம்மா விளக்கினார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “எதுக்கு? என்னயப் பாத்தா எப்பிடித் தெரியுது?” என்று கத்திவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டி சீக்கிரம் வரும், அதனால் இது வந்த எல்லோரையும் கேட்டு எடுக்கிறோம் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. சபுரா என்ன நினைப்பாள் என்பதுதான் ஓடியது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“எடுத்துட்டுப் போகட்டும் மச்சான். ரத்தம் தானே, மீனா? நாள் முழுக்க நடுக்கடல்ல நிக்கிற ஆளு, அங்கன யாரப் போயிப் பாத்துட்டு வந்தீங்க?”

அவள் சொன்ன விதத்தில் அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடிவு வர மறுநாள் ஆனது. ஒன்றும் இல்லை என்றார்கள். அதுவரை சபுரா என் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிட்டாள். அவள் வழக்கமாக அப்படிச் செய்கிறவள் இல்லை.

கட்டி எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு ஸ்கேன். கண்ணைத் தொடாமல் வெளிச்சத்தாலேயே உள்ளே அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். மேலோடு இருப்பது போலத்தான் தெரிகிறது, ஆனால் வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். செலவுக்குக் காப்பீட்டு அட்டை பாதி தாங்கியது, மீதியை ரசாக் பார்த்துக்கொண்டான். அவனுக்கு நாற்பது ஆகப்போகிறது, எனக்கு அடுத்துப் பிறந்தவன். நான் படுத்ததும் அணியத்தில் அவன்தான் ஏறினான். தினமும் மதியம் போன் பண்ணுவான். அண்ணனை எங்களில் காக்கா என்போம்.

“காக்கா, இன்னைக்கு நானே பாத்தேன். முனைக்கு அங்கன, கறுப்பா. வலை நெறைய சாளை!”

“அல்ஹம்துலில்லாஹ்” என்பேன். மனதாரச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். நான் இல்லாமலே கடலில் மீன் இருந்தது.

ஆபரேஷன் அன்று கண்ணைச் சுற்றி மரக்க ஊசி போட்டார்கள். வலி தெரியவில்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. கட்டியையும் அதைச் சுற்றி நல்ல சதையில் கொஞ்சத்தையும் சேர்த்து வெட்டினார்கள். ஓரத்தில் ஏதாவது ஒளிந்திருந்தால் சாகட்டும் என்று பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த ஒரு முனையால் அந்த இடத்தை உறைய வைத்தார்கள். வெட்டிய இடத்தை மூட மெல்லிய சவ்வு ஒன்றை ஒட்டினார்கள். அது என்ன என்று பிறகு நர்ஸிடம் கேட்டேன். பிரசவத்தில் குழந்தையைச் சுற்றி இருக்கும் சவ்வு, தாய்மார்கள் கொடுப்பது, சுத்தம் செய்து பத்திரப்படுத்தி வைத்திருப்போம் என்றாள். யாரோ ஒரு பிள்ளை கழற்றிப்போட்ட சட்டை என் கண்ணில் இருந்தது. சபுரா அன்றைக்கு அசர் தொழுகையில் அந்தப் பிள்ளைக்கும் துஆ கேட்டாள்.

பரிசோதனை முடிவு வரும்வரை மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தங்கினோம். வலது கண்ணில் கட்டு, இடது கண்ணில் மின்விசிறி. கண்ணை எடுத்துவிட்டால் கண்ணாடிக் கண் வைப்பார்களாமே, அது எந்த நிறத்தில் இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். சபுரா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அதன்பிறகு நான் அப்படிப் பேசவில்லை.

முடிவு வந்தது. புற்றுதான். ஆனால் கண்ணுக்குள் இறங்கவில்லை. மூன்று ஓரம் சுத்தம், கருவிழிப் பக்கத்து ஓரத்தில் மட்டும் சில கெட்ட செல்கள் மிச்சம். அவற்றைக் கொல்லச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் புற்று மருந்தையே கண்ணுக்குத் தக்க நீர்ப்பாக்கிக் கொடுக்கிறார்கள். சில நாள் விட்டு, கண்ணை ஆறவிட்டு, மறுபடி விட வேண்டும். குளிரில் வைக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் எப்போதும் மீன் நாற்றம் என்று பக்கத்து வீட்டு ஜெயராணி அக்கா தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வேளையும் சொல்லாமலே கொண்டுவந்து தருவார். சபுரா கையுறை மாட்டிக்கொண்டு சொட்டு விடுவாள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்கக் கண்ணின் மூக்கோரத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவள் பிடித்துக்கொண்டே மனதுக்குள் ஏதோ ஓதுவாள், முடிகிறவரை விரலை எடுக்கமாட்டாள். மருந்து பச்சை மிளகாயைத் தேய்த்ததுபோல எரியும். நான் கத்துவேன். தெருவுக்கே தெரியும், நைனாவுக்கு மருந்து நேரம் என்று.

பக்கவாட்டையும் மூடும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். வெளிச்சத்தில் கழற்றவே கூடாது. முதல் நாள் அதோடு டீக்கடைக்குப் போனேன். மாரிமுத்து அண்ணன், “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா நைனா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீயை நீட்டினார். ரெண்டாவது விழுந்துவிட்டது என்று கடை முழுக்கச் சொன்னவர் அவர்தானே. அன்றைக்கும் காசு வாங்கவில்லை.

கொஞ்சம் தேறியதும் ஒருநாள் பிடிவாதமாகப் படகில் ஏறினேன். ரசாக் அணியத்தை விட்டு இறங்கி எனக்கு இடம் கொடுத்தான். கண்ணாடிக்குள் கடல், நான் அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சொன்ன மாதிரியே, தேத்தண்ணியாகத்தான் கிடந்தது. கருமையும் இல்லை, பச்சையும் இல்லை. நான் வெறும் தண்ணீர் என்று நினைத்த இடத்தில் பின்னாலிருந்து ரசாக் கத்தினான்: “காக்கா, அந்தா!” திரும்புவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றக் கை போனது. சபுராவின் விரல் ஞாபகம் வந்தது, கழற்றவில்லை. கரைக்கு வரும்வரை படகில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மறுநாளிலிருந்து கரையில் நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்க்கிறேன்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது மறுபடி நீலச் சாயம் விட்டார்கள். டாக்டரம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “எங்கயும் பிடிக்கல. சுத்தமா இருக்கு” என்றார். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், திரும்பி வரக்கூடிய நோய்தான், ஆனால் இப்போது கண் உங்களுடையது என்றார். சபுரா அங்கேயே முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழாதே, கண்ணுக்கு ஆகாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை, என் கண்களும் கேட்கவில்லை.

வராந்தாவில் கீர்த்தனாவைப் பார்த்தோம். உப்பளம், தனுஷ்கோடி, சாலை போடும் இடம் எல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தாள். இப்போது கறுத்தே போயிருந்தாள்.

“வெயில் கெடுதல்னு தெரியுமான்னு கேட்டா எல்லாரும் தெரியும்ங்கறாங்கண்ணே. கண்ணாடி போடுவீங்களான்னு கேட்டா சிரிக்கறாங்க. தெரிஞ்சும் ஏண்ணே போடமாட்டேங்கறீங்க?”

என் வாயை அடைத்த முதல் ஆள் அந்தப் பெண்தான். கீழே இருந்த கடையில் என்னுடையதைப் போலவே இன்னொரு கண்ணாடி வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினோம்.

அது ரசாக்குக்கு. மாலையில் வீட்டுக்கு வந்தவனிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தான், என்னைக் கட்டிக்கொண்டான், “கண்ணு தப்பிச்சுருச்சுல்ல, அது போதும் காக்கா” என்றான். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளக்குக்கு நேராக வந்து, “ஒண்ணு காட்டுறேன், பாருங்க” என்று இடது இமையை விரலால் விரித்தான். மூக்கோரத்தில், நெல்மணியளவுக்கு, இளஞ்சிவப்பாக இருந்தது.

“எனக்கும் விழுந்துருச்சு காக்கா! மாரிமுத்து அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு. இனிமே அணியம் எனக்குத்தானாம்.”

“ஏலே, என் கண்ணப் பாத்த பெறகுமா?”

“ஒங்களுக்குக் கெட்டது ரெண்டாவதுதானே? டாக்டரே சொன்னாங்கல்ல, ஒண்ணாவது புத்து இல்லன்னு. இது ஒண்ணாவதுதான்.”

இமையை விடாமல் சிரித்துக்கொண்டே நின்றான். எங்கள் தெருவில் முதல் சதையைக் காட்டுகிறவனிடம் மாஷா அல்லாஹ் என்று சொல்ல வேண்டும். எனக்கு எங்கள் வாப்பா சொன்னார். ரசாக் அதற்குத்தான் காத்திருந்தான், எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அடுப்படியிலிருந்து சபுரா வந்து அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். “வெள்ளிக்கிழம நீங்க மதுரைக்கு வாரீங்க. அதுவரைக்கும் கண்ணாடியக் கழட்டக் கூடாது” என்றாள். “சரி லாத்தா, போடுறேன், போடுறேன்” என்று அண்ணியிடம் சொன்னான். தலையைத் தலையை ஆட்டினான். அன்றைக்குக் கரையில் கீர்த்தனாவிடம் நான் ஆட்டிய மாதிரியே.

மறுநாள் உச்சி வெயிலில் கரையில் போய் நின்றேன். படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் படகு அடையாளம் தெரிந்தது, அணியத்தில் ஒருவன் நிற்பதும் தெரிந்தது. அவன் கண்ணாடி போட்டிருக்கிறானா இல்லையா என்பது மட்டும் என் கறுப்புக் கண்ணாடி வழியே பிடிபடவில்லை. கொஞ்சநேரம் பொறுத்தேன். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தேன். கடல் கண்ணைக் குத்தியது.

அவனுடையது சட்டைக் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது.